வண்ணாத்திவில்லுக்கு வடக்கே: எல்லைகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

எல்லைகளை இயற்கையே வகுக்கிறது என்னும் கருத்து ஆய்வாளரிடையேயும் இன்னும் வலுவாக நிலவுகிறது. அல்ப்ஸ் மலைநாடான திரோல் 1919 இன் செயின்ற் ஜேர்மைன் உடன்படிக்கையால் பிரென்னர் கணவாயில் ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்குமாகத் துண்டிக்கப்பட்டபோது, நீர்பிரிமுகடு இயற்கையான எல்லை என்றே வாதிடப்பட்டது. முகட்டின் இருபுறத்தும் ஒரே மொழி பேசிய உழவர் வாழ்ந்தமை அவ்வாதத்துக்குத் தடையாகவில்லை. மலையே இல்லாத புத்தளக் கரையிலோ அப்பணியை ஆறுகள் செய்துள்ளன.

வண்ணாத்திவில்லிலிருந்து வடக்கே கலா ஓயாவையும் மோதரகம் ஆற்றையும் கடந்து மன்னாரின் அருவியாறு வரை செல்லும் நிலம் ஒன்றே. அடியில் யாழ்ப்பாணம் முதல் புத்தளம் வரை நீளும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், மேலே செம்மண், வடகீழ்ப் பருவமழையை நம்பிய வறண்ட காடு. மாரியில் நிரம்பி வேனிலில் சுருங்கும் ஆழமற்ற நீர்நிலைகளை வில்லு என்பர். வண்ணாத்திவில்லு, வில்பத்து ஆகிய இடப்பெயர்களில் நிற்பது அச்சொல்லே. கலா ஓயாவுக்கு அப்பாலுள்ள பொம்பரிப்பில் கண்டெடுக்கப்பட்ட தாழியடக்கங்கள் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிடப்படுவன. அத்தாழிகளுக்கு இன்றைய இனப்பெயர்களைச் சூட்ட அவசரப்படுவோர் இரு மொழிகளிலும் உளர். இக்கடல் ஒருகாலத்தில் பிரித்ததைவிட இணைத்ததே அதிகம் என்பதற்கு மேல் அவற்றிலிருந்து நாம் எதனையும் கோரவேண்டியதில்லை.

இப்பகுதியில் எல்லை என்பதன் பொருளை விளங்கிக்கொள்ள உப்பை நோக்குதல் வேண்டும். கடலற்ற கண்டி இராச்சியத்துக்குப் புத்தளம் கடல்வாயிலாக விளங்கிற்று. தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள் உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்குக் கொண்டுசென்றன. 1659 இல் கற்பிட்டியைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667 முதல் அங்குக் கோட்டை எழுப்பியது இவ்வாயிலைத் தம் பிடிக்குள் வைப்பதற்கே. 1766 உடன்படிக்கை தீவைச் சூழ்ந்த கரையோரம் முழுவதையும் அவர்களுக்கு உரியதாக்கிற்று. கவனித்தற்குரியது யாதெனில், அதே உடன்படிக்கை கண்டி அரசனின் குடிகள் சிலாபம், புத்தளம் உப்பளங்களில் உப்பெடுப்பதற்கும் இடமளித்தது. கடற்கரையை இழந்தாலும் உப்பின்றி வாழவியலாது என்பதை வென்றவரும் அறிந்திருந்தனர். பின்வந்த பிரித்தானியர் உப்பு விற்பனையையே அரசின் ஏகபோகமாக்கினர். எல்லைக்கோடும் வரிவசூலும் ஒரே கையின் இரு விரல்கள்.

மாகாணக் கோடுகளின் கதையும் இதனின் வேறன்று. 1833 இல் தீவு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது மன்னார் வட மாகாணத்திலும் புத்தளம் மேல் மாகாணத்திலும் அமைந்தன. 1845 இல் புத்தளம் புதிய வடமேல் மாகாணத்துக்குச் சென்றது. 'தமிழ் ஏழு பற்று' எனப் பொருள்படும் தெமள ஹத்பத்து 1873 இல் வடமத்திய மாகாணத்தோடு சேர்க்கப்பட்டு, இரண்டாண்டுகளில் மீண்டும் வடமேல் மாகாணத்துக்கே திரும்பியது. பெயரில் தமிழைத் தாங்கிய அப்பற்றுகளின் மக்களிற் பெரும்பாலோர் அக்காலத்தில் சிங்களம் பேசுவோராயிருந்தனர். மொழியும் நிருவாகமும் இங்கு ஒருபோதும் ஒரே கோட்டில் நிற்கவில்லை. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியைத் தமிழிலக்கிய வரலாற்றாசிரியர் 1859 இன் 'தமிழ் புளூட்டாக்' நூலாசிரியராக மட்டுமே நினைவுகூர்கின்றனர். இத்தீவின் இடங்களை அகரவரிசையில் தொகுத்த அவரது 1834 ஆம் ஆண்டு நூலே அதைவிட நமக்கு இங்கு உதவுவது. ஆட்சி இயந்திரத்துள் பணிபுரிந்த ஒருவரின் கண், பாடலாசிரியர்களைத் தேடிய அதே கண், ஊர்களையும் விளைபொருள்களையும் எண்ணுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு வகைக் கோடு வந்தது. 1905 இல் விலங்குச் சரணாலயமான வில்பத்து, 1938 இல் தேசிய வனமாயிற்று. கலா ஓயா அதன் தெற்கெல்லை. மோதரகம் ஆறு வடக்கெல்லை. முன்னர் மாகாணத்தைப் பிரித்த ஆறு இப்போது காட்டையும் குடியிருப்பையும் பிரித்தது.

இக்கோடுகள் ஏட்டளவில் நின்றிருப்பின் அவை புவியியலாளரின் கவலையாக மட்டுமே இருந்திருக்கும். 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும், ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினர். மோதரகம் ஆற்றுக்கு வடக்கேயிருந்த மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் வீடிழந்தனர்; தெற்கே புத்தளத்தில் வாழ்ந்த அவர்தம் உறவினர் வீடிழக்கவில்லை. எவர் அகதி, எவர் அகதிக்கு இடமளிப்பவர் என்பதைக் குடியேற்ற ஆட்சி வகுத்த மாகாணக் கோடே தீர்மானித்தது. விடுதலையின் பெயரால் எழுந்த தேசியவாதம் ஏகாதிபத்தியத்தின் நிருவாக வரைபடத்தைத் தன் தாயகத்தின் எல்லையாக ஏற்றுக்கொண்ட முரண்பாட்டை நமது ஆய்வுலகம் போதியளவு விவாதிக்கவில்லை. தமிழில் எழுதுவோர்க்கு அவ்விவாதம் உவப்பானதன்று. அதனாலேயே அது தவிர்க்கவியலாதது.

2009 இல் போர் முடிந்து திரும்பியோரின் காணிகளில் இரு பதின்மங்களின் காடு வளர்ந்திருந்தது. 2012 இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, விளாத்திக்குளம் பகுதிகளில் ஒதுக்கக் காடுகள் வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டன. இவை 1938 இன் வனத்துக்கு வெளியே, வடக்கே உள்ளவை. எனினும் 'வில்பத்தை அழிக்கின்றனர்' என்ற கூக்குரலில் அவ்வேறுபாடு மறைந்தது. ஒதுக்கக் காட்டை வெட்டிக் குடியேற்றியமை சட்டவிரோதமானது என 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காட்டைக் காத்தல் அவசியமே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் உழவன் எந்த விசையால் தன் நிலத்தைவிட்டு அகன்றான் என்ற வினா வர்த்தமானியின் வரம்புக்குள் வருவதில்லை.

இதே காலத்தில், வண்ணாத்திவில்லுப் பிரிவின் அருவக்காட்டில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்வு தொடர்ந்தது. வனத்தின் எல்லைக்கு அண்மையிலுள்ள அவ்விடத்துக்கு 2019 ஓகஸ்ற்றில் கொழும்பின் குப்பை கொண்டுவரப்பட்டது. எதிர்த்து மாதக்கணக்கில் சத்தியாக்கிரகமிருந்த புத்தளத்து மக்களில், 1990 இல் ஆற்றைக் கடந்து வந்தோரும் அவர்களை வரவேற்றோரும் ஒருங்கே இருந்தனர்.