அமெரிக்கக் கனரகப் பிக்அப்: பெட்ரோலா, டீசலா

கனரகப் பிக்அப் என்பது வட அமெரிக்காவில், வண்டியும் சரக்கும் ஆட்களும் சேர்ந்த மொத்த எடை 8,501 முதல் 14,000 பவுண்டு வரை (சுமார் 3,856 முதல் 6,350 கிலோ) அனுமதிக்கப்பட்ட, பின்பக்கம் திறந்த சரக்குத் தொட்டி கொண்ட வண்டி. ஃபோர்டின் எஃப்-250, எஃப்-350, செவ்ரோலே சில்வராடோ 2500, 3500, ராம் 2500, 3500 ஆகியவை இவ்வகையில் முதன்மையானவை. குதிரைகளை ஏற்றிய ட்ரெய்லர், மண் அள்ளும் இயந்திரம், சக்கரம் வைத்த வீடு என்று சொல்லத்தக்க முகாம் ட்ரெய்லர் ஆகியவற்றைப் பின்னால் பூட்டி இழுப்பதே இவ்வண்டிகளை வாங்குவோரில் பெரும்பாலோரின் நோக்கம். ஆகவே பெட்ரோல் எஞ்சினா, டீசல் எஞ்சினா என்ற கேள்வி இங்கே மற்ற எந்த வண்டியையும்விட அழுத்தமாக எழுகிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இதற்கான விடை பலமுறை புரண்டிருக்கிறது. குதிரைத்திறன் எண்களைக் காட்டிலும் எரிபொருள் விலையும் புகைச் சட்டமுமே அதைப் புரட்டின.

பெட்ரோல் மட்டும் இருந்த காலம்

1960களில் பிக்அப்பின் தொட்டியில் முகாம் பெட்டியை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது. ஃபோர்டு 1965இல் கனமான ஸ்பிரிங்கும் பெரிய ரேடியேட்டரும் கொண்ட ‘கேம்பர் ஸ்பெஷல்’ வண்டியை விற்கத் தொடங்கியது. 1973இல் ஜெனரல் மோட்டார்ஸ் பின் அச்சில் இரட்டைச் சக்கரம் கொண்ட ஒரு டன் பிக்அப்பைத் தொழிற்சாலையிலிருந்தே கொடுத்தது. இவற்றை இழுத்தவை 7.4 லிட்டர், 7.5 லிட்டர் அளவுள்ள எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள். குடிக்கும் எரிபொருளுக்கு அளவில்லை. ஆனால் பெட்ரோல் மலிவு. யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்ததும் கணக்குப் பார்க்கவேண்டிய நிலை வந்தது.

டீசலின் சாதகம் அதன் எரியும் முறையில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைத் தீப்பொறி பற்றவைக்கிறது. டீசலில் காற்றை மட்டும் மிகக் கடுமையாக அமுக்கிச் சூடேற்றி, அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. அமுக்கம் கூடக் கூட வெப்பத்திலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றலும் பெட்ரோலில் உள்ளதைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். இதோடு டர்போ சேர்ந்தால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே முறுக்குவிசை முழுதும் கிடைத்துவிடும். நின்ற இடத்திலிருந்து பல டன்னை நகர்த்தும் வண்டிக்கு வேண்டியது இதுதான்.

ஓல்ட்ஸ்மொபீல் தந்த அவப்பெயர்

1978இல் இரண்டு முயற்சிகள் நடந்தன. டாட்ஜ் தன் பிக்அப்பில் மிட்சுபிஷியின் ஆறு சிலிண்டர் டீசலைப் பொருத்தியது. அது அரிதாகவே விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ், தன் ஓல்ட்ஸ்மொபீல் பிரிவு உருவாக்கிய 5.7 லிட்டர் டீசலைக் கார்களிலும் அரை டன் பிக்அப்பிலும் வைத்தது. திறன் 120 குதிரை. எஞ்சின் பிளாக்கை வலுவாக்கியவர்கள், பழைய இயந்திரங்களிலேயே செய்து முடிப்பதற்காக ஹெட் போல்ட்டுகளின் அமைப்பைப் பெட்ரோல் எஞ்சினில் இருந்தபடியே விட்டுவிட்டார்கள். டீசலின் அமுக்கத்தை அந்த போல்ட்டுகள் தாங்கவில்லை. ஹெட் கேஸ்கெட் போயிற்று. எரிபொருளில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் இல்லை. அன்றைய டீசலில் தண்ணீர் இருப்பது சாதாரணம் என்பதால் இன்ஜெக்டர்களும் பம்புகளும் துருப்பிடித்தன. வழக்குகள் குவிந்தன, 1985இல் அந்த எஞ்சின் நிறுத்தப்பட்டது. அமெரிக்கக் குடும்பங்கள் டீசல் காரை வெறுத்ததில் இந்த எஞ்சினுக்குப் பெரும் பங்குண்டு.

பிக்அப் உலகம் மட்டும் வேறு வழியில் நகர்ந்தது. 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ், டீசலுக்கென்றே வடிவமைத்த 6.2 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. 130 குதிரைத்திறன்தான், இழுவையைவிடச் சிக்கனமே அதன் இலக்கு. மறு ஆண்டு ஃபோர்டு, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்த 6.9 லிட்டர் எஞ்சினை வாங்கிப் பொருத்தியது. இரண்டிலும் டர்போ இல்லை. நீடித்து உழைத்தன, ஆனால் மேட்டில் பெரிய பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பின்தங்கின. 1980களில் சுமை இழுப்பவர் டீசல் வாங்கினால் எரிபொருளை மிச்சப்படுத்த வாங்கினார்.

1989: கம்மின்ஸ்

நிலைமையை மாற்றிய எஞ்சின் பிக்அப்புக்காகப் பிறந்ததே அல்ல. இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1919இல் தொடங்கிய நிறுவனம், ஜே.ஐ. கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டிராக்டர்களுக்கும் கட்டுமான இயந்திரங்களுக்கும் உருவாக்கிய 5.9 லிட்டர் எஞ்சின் அது. வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ, நேரடிப் பீய்ச்சல். டைமிங்குக்கு பெல்ட்டோ சங்கிலியோ கிடையாது, பல்சக்கரத்தோடு பல்சக்கரம். எரிபொருள் பம்பு முழுக்க இயந்திரத்தனமானது என்பதால், ஓடத் தொடங்கிய பிறகு அதற்கு மின்கருவிகளின் தயவு ஏறக்குறையத் தேவையே இல்லை. எடை அரை டன்னை நெருங்கியது. விற்பனையில் மூன்றாம் இடத்தில் தவித்த டாட்ஜ், 1972இலிருந்து பெரிதாக மாறாத தன் பழைய பிக்அப்பின் மூக்குக்குள் இதை இறக்கியது.

160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி (சுமார் 540 நியூட்டன் மீட்டர்) முறுக்குவிசை. குதிரைத்திறனில் அன்றைய 7.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வெகுவாக முந்தியிருந்தது. முறுக்குவிசையில் எந்தப் போட்டி வண்டியும் 400ஐத் தொடவில்லை. அதுவும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,700 சுற்றிலேயே கிடைத்தது. கியரைக் கீழே இறக்கி எஞ்சினை அலறவிடாமலே மேடேறிய முதல் பிக்அப் இதுவே என்றால் தவறில்லை. குறைகளும் இருந்தன: டைமிங் பெட்டிக்குள் ஒரு சிறு பொருத்தாணி கழன்று பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்து எஞ்சினையே உடைத்துவிடக்கூடியது. இருந்தும் அந்த எஞ்சினுக்குக் கிடைத்த புகழ் மிகையன்று. திறந்து பார்த்தால் புரியக்கூடிய இயந்திரம். பண்ணைக் கொட்டகையிலேயே பழுது பார்க்கலாம்.

எண்களின் பந்தயம்

மற்றவர்கள் பதில் சொன்னார்கள். 1994இன் நடுவில் ஃபோர்டு 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசலைக் கொண்டுவந்தது. 2001இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஜப்பானின் இசுசுவோடு சேர்ந்து ஒஹையோவின் மொரெய்ன் நகரில் தயாரித்த 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் டீசல், 300 குதிரைத்திறனோடும் ஆலிசன் தானியங்கி கியரோடும் வந்தது. பெட்ரோலும் சும்மா இருக்கவில்லை. டாட்ஜின் 8 லிட்டர், ஃபோர்டின் 6.8 லிட்டர் பத்து சிலிண்டர் எஞ்சின்களும் ஜெனரல் மோட்டார்ஸின் 8.1 லிட்டர் எஞ்சினும் இந்தக் காலத்தவை. நல்ல உழைப்பாளிகள், ஆனால் அவற்றின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட யாருமில்லை.

2019இல், டாட்ஜ் பிக்அப்பின் வாரிசான ராமின் கம்மின்ஸ் எஞ்சின் 1,000 பவுண்டு-அடியைத் தொட்டது. 2023இல் ஃபோர்டு 1,200க்குப் போனது. அதிகபட்ச இழுவை 40,000 பவுண்டு, அதாவது 18 டன்னுக்கு மேல். வணிக ஓட்டத்தில் வண்டியும் ட்ரெய்லருமாக 26,001 பவுண்டை எட்டினால், அதில் ட்ரெய்லர் 10,000 பவுண்டைத் தாண்டினால், லாரி ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அந்த உரிமம் இல்லாமல் வணிக ஓட்டத்தில் சட்டப்படி இழுக்கவே முடியாத எடைக்காக வாங்குவோரில் பலர் பணம் கொடுக்கிறார்கள்.

விளம்பர எண்களில் நெடுங்காலம் ஒழுங்கே இருந்ததில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலில் அளந்தது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 2008இல் வெளியிட்ட ஜே2807 என்னும் தரவிதி இதை மாற்றியது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, சொன்ன எடையை இழுத்தபடி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். இரட்டைச் சக்கர வண்டிக்கு 56. எண்களுக்கு ஓரளவு நேர்மை வந்தது இதன் பிறகுதான்.

புகைச் சட்டம்

டீசலின் பெருமை அதன் எளிமை. 2007ஆம் ஆண்டுக்கான அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதிகள் கைவைத்தது அந்த எளிமையில்தான். முதலில் டீசலின் கந்தக அளவு பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 15 பங்காகக் குறைக்கப்பட்டது. பிறகு கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி வந்தது. அதில் சேரும் கரியை அவ்வப்போது அதிக வெப்பத்தில் எரிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் சுமையோடு நீண்ட தூரம் ஓடினால் அது சிக்கலில்லாமல் நடக்கும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். 2010க்கான விதிகளோடு யூரியாக் கரைசலும் சேர்ந்தது. 32.5 விழுக்காடு யூரியாவும் மீதி தண்ணீருமான அந்தத் திரவம் நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கிறது. தீர்ந்துபோனால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இதே காலத்தில் ஃபோர்டின் 6.0 லிட்டர் டீசல் ஹெட் கேஸ்கெட்டாலும், புகையைக் குளிர்விக்கும் பாகத்தாலும் பெயர் கெட்டது. யார் செலவை ஏற்பது என்று ஃபோர்டும் அதைச் செய்த நவிஸ்டாரும் நீதிமன்றம் ஏறின. அந்த உறவு முறிந்து, 2011இல் ஃபோர்டு தானே வடிவமைத்த 6.7 லிட்டர் டீசல் வந்தது.

வடிகட்டி போன்ற இந்தப் புகைக் கருவிகளைப் பிடுங்கிவிட்டு மென்பொருளை மாற்றி ஓட்டும் வழக்கமும் பரவியது. பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்அப்களில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டிருப்பதாகச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் கணக்கிட்டது. உற்பத்தியாளரும் தப்பவில்லை. 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் பிக்அப் எஞ்சின்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் ஏற்பாடு இருந்தது என்ற குற்றச்சாட்டில், கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. தூய காற்றுச் சட்டத்தின்கீழ் அதுவரை விதிக்கப்பட்டவற்றில் மிகப்பெரிய அபராதம் அது. சுமை இழுப்பவரின் சௌகரியத்துக்காக, சாலையோரம் வசிக்கும் குழந்தை இந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்க முடியாது; விதிகள் தேவையானவை. அவற்றின் செலவு டீசலின் தலையில் விழுந்ததும் உண்மை.

பெட்ரோலின் மீள்வரவு

2004 வரை அமெரிக்காவில் டீசல் பெரும்பாலும் பெட்ரோலைவிட மலிவாகவே இருந்தது. அதன்பின் நிலை தலைகீழானது. 2008 ஜூலையில் ஒரு கேலன் டீசல் 4.70 டாலரைத் தாண்டியது. டீசல் எஞ்சினுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை இன்று ஏறக்குறைய பத்தாயிரம் டாலர். இந்த நிலையில்தான் நிறுவனங்கள் பெட்ரோலுக்குத் திரும்பின. 2020 மாடலில் ஃபோர்டு, டர்போ இல்லாத, வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைப் புதிதாக வடிவமைத்துத் தந்தது. 430 குதிரைத்திறன், 475 பவுண்டு-அடி. அதே ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 6.6 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சுமையோடு பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 3 கிலோமீட்டரும் டீசல் வண்டி 4.25 கிலோமீட்டரும் ஓடுகின்றன. பெட்ரோல் லிட்டர் 85 சென்ட், டீசல் ஒரு டாலர் என்று கொள்வோம். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் இழுத்தால் டீசல்காரர் மிச்சப்படுத்துவது சுமார் 960 டாலர். அதிலிருந்து யூரியாக் கரைசலுக்கும், ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டிய பதினோரு, பன்னிரண்டு லிட்டர் எஞ்சின் ஆயிலுக்கும், எரிபொருள் வடிகட்டிகளுக்கும் கழிக்க வேண்டும். பத்தாயிரம் டாலரை மீட்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். பழைய வண்டியாக விற்கும்போது டீசலுக்குக் கூடுதல் விலை கிடைப்பதால் இழப்பு ஓரளவு ஈடாகலாம். ஆண்டுக்கு 1,00,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கோ இரண்டு, மூன்று ஆண்டில் கணக்கு நேராகிவிடும்.

மலையும் எடையும்

பணக்கணக்கில் வராத இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது உயரம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் மூன்று விழுக்காடு திறனை இழக்கிறது. கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் பெட்ரோல் பிக்அப்பின் திறனில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டீசலுக்கு இந்தக் குறை வெகு சொற்பம். இறக்கத்திலும் டீசலுக்கே நன்மை. டர்போவின் இதழ்களை மூடிப் புகையைத் தடுத்து வண்டியை மெதுவாக்கும் எக்சாஸ்ட் பிரேக், சக்கர பிரேக்குகள் காய்ந்து பிடிக்காமல் போவதைத் தடுக்கிறது. மலைநாட்டில் பெரிய ட்ரெய்லர் இழுப்பவர் டீசல் வாங்க இதுவே போதுமான காரணம் என்பேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது.

இரண்டாவது, விற்பனையாளர்கள் பேசாமல் விடும் எடைக் கணக்கு. டீசல் எஞ்சினும் அதன் துணைக் கருவிகளும் பெட்ரோல் எஞ்சினைவிடச் சில நூறு கிலோ கூடுதல். முக்கால் டன் எனப்படும் 250, 2500 வகைப் பிக்அப்கள் பலவற்றின் மொத்த எடை 10,000 பவுண்டு என்ற வரம்புக்குள் நிறுத்தப்பட்டிருப்பதால், எஞ்சின் கனத்தால் அந்த அளவுக்குச் சரக்குத் திறன் குறைகிறது. தொட்டியின் நடுவில் கொக்கி மாட்டி இழுக்கும் ‘ஐந்தாம் சக்கர’ ட்ரெய்லர், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ வண்டியின் மீது இறக்கும். ஆறு டன் ட்ரெய்லர் என்றால் 1,200 கிலோ. நான்கு கதவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட முக்கால் டன் டீசல் வண்டியின் மொத்தச் சரக்குத் திறனே பல வேளைகளில் அதற்குக் கீழே; ஆட்களும் கொக்கியும் இன்னும் கணக்கில் வரவில்லை. எட்டு டன் இழுக்கும் என்று எழுதப்பட்ட வண்டி ஆறு டன்னிலேயே சரக்குத் திறனின் வரம்பை மீறுகிறது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டு சொல்லும் எண்ணை முதலில் படித்து, டீசல்தான் வேண்டும் என்றால் ஒரு டன் எனப்படும் 350, 3500 வகை வண்டிக்குப் போவதே சரி.

இன்று சந்தை ஏறக்குறைய வேலை வாரியாகப் பிரிந்துவிட்டது. முகாம் வண்டித் தயாரிப்பின் தலைநகரான இண்டியானாவின் எல்கார்ட்டிலிருந்து புது ட்ரெய்லர்களை நாடு முழுதும் கொண்டு சேர்ப்பவர்களும், மேற்கு மலை மாநிலங்களின் பண்ணைக்காரர்களும் இரட்டைச் சக்கர டீசலை விடவில்லை. காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடி நாள் முழுதும் எஞ்சின் ஓடியபடி நிற்கும் மின்வாரிய, கட்டுமான, நகராட்சி வண்டிகளுக்குப் பெட்ரோல் வாங்கப்படுகிறது. அந்த ஓட்டத்தில் டீசலின் கரி வடிகட்டி சூடேறவே நேரம் கிடைப்பதில்லை.