ஒரு துளையா, இரு துளையா?
தோட்டாக் கூட்டின் வரலாறு

வெடித்து முடிந்த தோட்டாவில் மிஞ்சுவது பித்தளைக் கூடு ஒன்றே. குண்டு பறந்துபோய்விடும். மருந்து எரிந்து புகையாகிவிடும். மருந்தைப் பற்றவைத்த அடிக்கிண்ணமோ ஊசியடி பட்டு நசுங்கிப் பயனற்றதாகிவிடும். கூடு மட்டும் சூடு ஆறாமல் தரையில் விழுந்து கிடக்கும். ஆனால் தோட்டாவின் நான்கு உறுப்புகளில் விலை மிக்கது அந்தக் கூடுதான். அதைப் பொறுக்கியெடுத்துப் புதுக் கிண்ணம் பொருத்தி, மருந்தை அளந்து இட்டு, வாயில் குண்டைச் செருகிவிட்டால் மறுபடியும் அது தோட்டாவாகிவிடும்.

இதனை வீட்டிலேயே செய்துகொள்ளும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக இருந்துவருகிறது. வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டோரும் சட்டத்துக்கு உட்பட்டே இதனைச் செய்கின்றனர். இதில் புதிதாக இறங்குகிறவன் கேட்கும் முதற் கேள்வி, "எந்தெந்த உறுப்பை எப்படிப் பார்த்து வாங்குவது?" என்பதாகும். அதற்கு இன்று கிடைக்கும் விடையைப் பெரும்பாலும் தீர்மானித்தது 1866ஆம் ஆண்டு. அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் இருந்த இரண்டு படை அதிகாரிகள், கூட்டின் அடியில் துளை எங்கே இருக்கவேண்டும் என்பது பற்றித் தனித்தனியே செய்த முடிவு அது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கூடு, குண்டு, மருந்து ஆகியவை நம் சொற்கள். தோட்டா என்பது இந்துஸ்தானி வழியாக வந்து நம்மோடு தங்கிவிட்ட சொல். ஆங்கிலத்தில் பிரைமர் எனப்படும் அடிக்கிண்ணத்துக்குத்தான் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. பிள்ளைகளின் விளையாட்டுத் துப்பாக்கியில் வைக்கும் கேப்பு அதன் தம்பி முறை ஆகும். இக்கட்டுரையில் அதைப் பொறிக்கிண்ணம் எனக் கொள்வோம்.

பழைய தோட்டாவுக்கு உலோகக் கூடு கிடையாது. ஒருமுறைக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் சேர்த்துத் தாளில் சுருட்டியிருப்பார்கள். சிப்பாய் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டையும் தாளையும் கோலால் கெட்டிப்பான். நம் ஊர்த் திருவிழாக்களில் வேட்டுக் கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 1857இல் வட இந்தியாவில் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தவை இத்தகைய என்ஃபீல்டு தாள்தோட்டாக்களே. அவற்றின்மேல் பூசிய கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி பரவியதும் அவற்றை வாயில் வைக்க எவன் துணிவான்? தாள் கிழிந்ததோடு தோட்டாவின் கதை முடிந்துவிடும். மீண்டும் நிரப்புவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

பொறிக்கிண்ணத்துக்கு வித்திட்டவர் ஒரு பாதிரியார். ஸ்காத்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரில் இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத், நீர்ப்பறவை வேட்டையில் விருப்பமுள்ளவர். சக்கிமுக்கிக் கல்லின் பொறி பளிச்சிட்டதும் குண்டு வருமுன்னே பறவைகள் பறந்துவிடுவது அவருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. அடித்தால் வெடிக்கும் இரசாயனப் பொடியைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அப்பொடி சிறு செப்புத் தொப்பிக்குள் புகுந்தது. உலோகக் கூடு வந்தபோது, தொப்பி கூட்டின் அடியில் குடியேறியது.

இங்கேதான் நம் துளைக்கதை தொடங்குகிறது. பொடி வெடிக்கவேண்டுமானால் ஊசி மட்டும் போதாது. ஊசிக்கு எதிரே கடினமான ஒன்று இருந்து பொடியை நடுவில் நசுக்கவேண்டும். கொல்லனுக்குச் சம்மட்டி மட்டும் இருந்து பட்டடைக்கல் இல்லாவிட்டால் என்ன செய்வான்? அந்தப் பட்டடையை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் உல்விச் படைக்கல ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த எட்வர்டு பாக்சர், பட்டடையைத் தனித் துண்டாக்கிப் பொறிக்கிண்ணத்துக்குள்ளேயே வைத்தார். ஆகவே கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே துளை போதுமாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிசுடும் படைக்குத் தலைமை தாங்கிய ஹைரம் பெர்டன் என்பவரோ பட்டடையைக் கூட்டின் அடித்தகட்டிலேயே ஒரு மேடுபோல எழுப்பிவிட்டார். நடுவிடத்தை மேடு பிடித்துக்கொண்டதால், நெருப்புச் செல்லும் துளைகள் மேட்டின் இருபுறமும் சென்றன.

பார்வைக்கு அற்பமான இந்த வேறுபாட்டின் விளைவு பெரிது. பாக்சர் முறைக் கூட்டின் வாய் வழியாக ஒரு கம்பியை நுழைத்தால், அது நடுத்துளை வழியே நேராகச் சென்று பழைய கிண்ணத்தைத் தள்ளிவிடும். ஒரு நொடி வேலை. பெர்டன் முறைக் கூட்டில் கம்பி மேட்டில் முட்டி நின்றுவிடும். கிண்ணத்தை வெளியிலிருந்து கொக்கியால் குத்திப் பெயர்க்கவேண்டும். அல்லது கூட்டில் நீர் நிரப்பி அழுத்தத்தால் தள்ளவேண்டும். பத்துக் கூடுகளுக்கு அது பொழுதுபோக்கு. நூறு கூடுகளுக்குத் தண்டனை!

வேடிக்கை என்னவென்றால், இருவர் கண்டுபிடிப்பும் ஊர்மாறிக் குடியேறிவிட்டன. ஆங்கிலேயரான பாக்சரின் ஒருதுளை அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்கரான பெர்டனின் இருதுளை ஐரோப்பியப் படைகளுக்குச் சென்றது. ரஷ்யா அவர் பெயராலேயே வழங்கிய துப்பாக்கியையும் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தே பின்னாளில் தன் .303 தோட்டாவுக்கு பெர்டன் முறையைக் கைக்கொண்டது. காரணம் மலிவு. கிண்ணத்துக்குள் தனிப் பட்டடை வேண்டாமென்றால் கோடிக்கணக்கில் செய்யும்போது மிச்சம் பெரிது. சுட்ட கூட்டை மீண்டும் நிரப்பும் எண்ணமே இல்லாத அரசாங்கத்துக்கு இரு துளையால் நட்டம் ஒன்றுமில்லை. பாக்சருக்கும் அந்த எண்ணம் இருந்ததாகக் கொள்ளலாகாது. அவர் செய்த முதற்கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. பலமுறை நிரப்பத் தாங்காதது. தாம் நினையாத ஒரு தொழிலுக்கு அவர் தந்தையாகிவிட்டார்.

அமெரிக்கப் படையும் நேரே இவ்வழிக்கு வந்துவிடவில்லை. பிலடெல்பியாவில் இருந்த பிராங்போர்டு படைக்கலச் சாலை, பொறிப்பொருளைக் கூட்டின் உள்ளே வைத்து மூடிய செப்புத் தோட்டாக்களைச் செய்துவந்தது. அவற்றை மீண்டும் நிரப்ப இயலாது. செம்பு மென்மையானது, சூட்டில் விரிந்து குழலைப் பற்றிக்கொள்ளும். 1876 ஜூன் 25இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றோரம் செவ்விந்தியரிடம் கஸ்டரின் படைப்பிரிவு அழிந்தபோது அப்படையினர் கையில் இருந்தவை இத்தோட்டாக்களே. தோல்விக்கு அதுவே காரணம் என்று சொல்வது மிகையாகும். எதிரிகளின் எண்ணிக்கையும் கஸ்டரின் அவசரமும் போதுமான காரணங்கள். எனினும் படைவீரருக்குச் சுடும் பயிற்சி போதாது என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. பயிற்சிக்கோ தோட்டா வேண்டும்; தோட்டாவுக்குப் பணம் வேண்டும். 1880களில் அச்சாலை வெளிப்புறக் கிண்ணம் பொருத்திய, மீண்டும் நிரப்பத்தக்க தோட்டாவுக்கு மாறியது.

அக்காலத்துப் படைத்தோட்டாவின் பெயர் .45–70. முதல் எண் குண்டின் குறுக்களவைக் குறிக்கும். இரண்டாவது, 70 கிரெயின் கருமருந்து என்பதைக் குறிக்கும். நம் பொற்கொல்லர் கணக்கில் ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். ஆக முப்பத்தைந்து குன்றிமணி மருந்து. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் ஆதலால், ஒரு பவுண்டு மருந்தில் 100 தோட்டா நிரம்பும். குண்டின் எடை 405 கிரெயின். ஒரு பவுண்டு ஈயத்தில் 17 குண்டுகள் வார்க்கலாம். இந்தக் கணக்கை அன்றைய வேட்டைக்காரன் மனப்பாடமாக வைத்திருந்தான்.

அவனே இக்கைத்தொழிலின் முதல் மாணவன்; அவன் கதை இனிமையானதன்று. 1870களில் மேற்குச் சமவெளிகளில் பைசன் என்னும் காட்டெருதுகளைத் தோலுக்காகக் கொன்று குவித்தவர்கள், ஈயக்கட்டிகளையும் மருந்துப் பீப்பாய்களையும் வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். கடை நூறு மைலுக்கு அப்பால். பகலில் சுட்ட கூடுகளை இரவில் தீயருகே அமர்ந்து நிரப்பினார்கள். புதுத் தோட்டா மட்டுமே கிடைக்கும் என்றிருந்தால் அந்தப் படுகொலை அவ்வளவு மலிவாக நடந்திராது. கோடிக்கணக்கில் இருந்த அவ்விலங்கு 1889இல் ஏறக்குறைய ஆயிரமாகக் குறைந்துபோயிற்று.

அம்மருந்தின் வேர் இந்தியாவைத் தொட்டது என்பதும் நம் வாசகர் அறியத்தக்கது. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும். உலகத்துக்கு வேண்டிய வெடியுப்பைப் பெரும்பகுதி தந்தது பீகார் மண். நோனியா எனப்படும் மக்கள் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்த உப்பு அது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, வட மாநில அரசாங்கத்துக்காக டு பான்ட் மருந்தாலைக் குடும்பத்தைச் சேர்ந்த லம்மாட் டு பான்ட் லண்டன் சென்று, அங்கிருந்த இந்திய வெடியுப்பை வாங்கிக் குவித்தார். பிரிட்டிஷ் அரசாங்கம் ஏற்றுமதியைச் சில காலம் தடுத்துப் பின்னர் விட்டது. அடிமைமுறையை ஒழித்த போரில் பீகார்க் கூலிமக்களின் உழைப்பும் கலந்திருந்தது. அவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

1884இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் ஒரு கைக்கருவியை விற்கத் தொடங்கினார். பார்ப்பதற்கு நம் பாக்குவெட்டிபோல இருக்கும். பழைய கிண்ணத்தைத் தள்ளுவது, புதியதைப் பொருத்துவது, குண்டு வார்ப்பது எல்லாம் அந்த ஒரு கருவியிலேயே முடியும். ஒரு துளைக் கூடு இல்லாவிட்டால் இப்பாக்குவெட்டிக்கு வேலையே இருந்திராது.

கருமருந்துக் காலத்தில் மருந்தைத் தேர்வதில் பெரிய சிக்கல் இல்லை. கூடு கொள்ளும் அளவு இட்டாலும் பெரும்பாலும் தீங்கு நேராது. 1884இல் பிரெஞ்சுக்காரர் பால் வியேல் புகையிலா மருந்தைக் கண்டதும் நிலைமை தலைகீழாயிற்று. புதிய மருந்து அளவில் சிறிது; ஆற்றலில் பெரிது. பழைய அளவுக் கிண்ணத்தால் முகந்து இட்டவர்களின் துப்பாக்கி வெடித்துச் சிதறியது. மக்களின் பழக்கத்தை மாற்றமுடியாது என்று கண்ட ஆலைக்காரர்கள், கருமருந்தின் பருமனுக்கே ஒத்துவரும் ஒருவகைப் புகையிலா மருந்தையும் செய்து விற்றனர். அதனால் குழப்பம் கூடியதேயன்றிக் குறையவில்லை. இருவகைப் புகையிலா மருந்தும் ஒரே கடையில் இருந்தன. கருமருந்தின் அளவைச் சுட்டும் பழைய டிராம் கணக்கு பின்னும் நெடுங்காலம் வேட்டைத் தோட்டாப் பெட்டிகளின்மேல் அச்சாகி வந்தது. முகத்தலளவை போய் நிறுத்தலளவை வந்ததும், மருந்து செய்வோர் வெளியிடும் அளவு அட்டவணையைப் பார்த்தே மருந்து தேரவேண்டும் என்ற விதி பிறந்ததும் இவ்விபத்துகளின் பயனே.

பொறிக்கிண்ணமும் தன் பங்குக்குத் தொல்லை கொடுத்தது. பழைய கிண்ணப்பொடியில் பாதரசம் உண்டு. கருமருந்தின் கசடு அதை ஓரளவு மறைத்து வந்தது. புகையிலா மருந்து வந்ததும் பாதரசம் பித்தளையை நேரே தாக்கி, கூட்டை ஓடுபோல உடையச் செய்தது. பாதரசத்தை நீக்கினார்கள், கூடு பிழைத்தது. ஆனால் மாற்றாக நின்ற பொட்டாசியம் குளோரேட்டு வெடித்தபின் உப்பாகிக் குழலில் படிந்தது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவை அழைக்கும். நம்மைப்போன்ற புழுக்கமான நாட்டில் வாழ்வோர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. துருவாத கிண்ணங்கள் 1920களின் இறுதியில் ஜெர்மனியில் வந்து, பின்னர் உலகெங்கும் பரவின.

பிரிட்டிஷ் பேரரசில் இன்னொரு தடையும் சேர்ந்தது. 1889இல் உருவான கார்டைட் என்னும் மருந்து பொடியாக இராது. சேமியாபோல நீண்ட இழைகளாக இருக்கும். .303 கூட்டில் இந்த இழைக்கற்றையை முதலில் வைத்து, அதன் பிறகே கூட்டின் கழுத்தைச் சுருக்குவார்கள். கழுத்துச் சுருங்கிய கூட்டில் வீட்டிலிருப்பவன் அதே மருந்தை மீண்டும் நுழைப்பது அரிது. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த ஆலை இந்தக் கார்டைட்டைச் செய்யவே அமைந்தது. இரு துளையும் இழைமருந்தும் சேர்ந்து, குடிமகன் கையில் சுட்ட கூடு வெறும் பித்தளையாகவே நின்றது.

மலாயாவிலோ தோட்டாவுக்குச் சட்டம் வேறு பொருள் கொடுத்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், உரிமமின்றித் தோட்டா வைத்திருத்தல் தூக்குக்குரிய குற்றமாயிற்று. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வைத்திருந்ததாகச் சாட்டப்பட்ட குற்றத்துக்காகவே. இன்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டா எண்ணிக் காக்கப்படும் பொருள். அமெரிக்காவில் அதன் உறுப்புகள் மளிகைபோல அலமாரியில் அடுக்கியிருப்பதைக் கண்டு நம்மவர் வியப்பது இயல்பே.

இரண்டாம் உலகப் போரின்போது அங்கும் அலமாரி காலியாயிற்று. ஈயமும் செம்பும் போருக்குப் போய்விட, கலிபோர்னியாவில் ஃபிரெட் ஹன்டிங்டன் என்பவர் 1943இல் ஓர் உபாயம் செய்தார். எறிந்துவிடும் .22 சிறுதோட்டாக்களின் வெற்றுக்கூடுகளை அச்சிலிட்டு அழுத்தி, குண்டுக்கு மேலுறையாக்கினார். சிறுதோட்டாவின் கூட்டைத் தோட்டாவாக மீண்டும் நிரப்ப வழியில்லை. அதன் பொறிப்பொருள் விளிம்பு மடிப்பிலேயே இருக்கிறது. எனவே கூடாகப் பயன்படாதது குண்டாகப் பயன்பட்டது. போர் முடிந்ததும் படையின் மிச்ச மருந்து பீப்பாய் பீப்பாயாக மலிவு விலைக்கு வந்தது. இக்கைத்தொழில் சிலரின் பழக்கமாக இருந்த நிலை மாறிப் பலரின் பொழுதுபோக்காயிற்று.

அப்போதே படைக்கூடுகளும் உலகின் பல மூலைகளிலிருந்து மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. புதியவன் அவற்றை வாங்குமுன் செய்யும் சோதனை இன்றும் மாறவில்லை. கூட்டைக் கையில் எடுத்து, வாய்க்கு நேரே விளக்கைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்க்கிறான். அடியில் ஒற்றை வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பைக்குள் போடுகிறான். இரண்டு புள்ளி தெரிந்தால், அது பழைய பித்தளை வாங்குகிறவனுக்குரிய கூடையில் விழுகிறது.