யோபுவுக்குக் கிடையாத விடை

தோட்டத் துரைமாரின் பண உதவியுடன் 1854 இல் கண்டியிலே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிற்று. தமிழ் உபதேசியார் லயந்தோறுஞ் சென்று வேதம் வாசித்தனர். பணந் தந்தோர் கீழ்ப்படிதலைப் போதிக்கும் வேதத்தையே விரும்பியிருப்பர் என்று நாம் கருதலாம். ஆயின் அவ்வேதத்திலேயே யோபுவின் ஆகமமும் உண்டு.

அதன் 42 அதிகாரங்களிலும், தான் ஏன் துன்புற்றான் என்பது யோபுவுக்குச் சொல்லப்படவில்லை. வாசகர் அறிவர்; அவன் அறியான். அவனுடைய பாவமே காரணமென விளக்கிய நண்பர்களையே கடவுள் கடிந்துகொள்கிறார். வறுமையைப் பாவத்தின் பயனென்றும் தலைவிதியென்றும் கேட்டுப் பழகிய செவிக்கு இவ்விடையின்மை ஆறுதலாதல் கூடும். துன்புறுவோன்மீது அது பழி சுமத்தவில்லை.

இவ்வமைதியை அடிமை மனப்பான்மையென ஒதுக்குவார் முற்போக்காளருட் சிலர். அஃது அவசர முடிவென்போம். எனினும், யோபுவின் துன்பம் மறைபொருள். லயத்தின் துன்பம் அத்தகையதன்று. மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்கு 18 என்ற இலக்கமே உண்டு. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இலே இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர்.