731ஆம் பிரிவு

731ஆம் பிரிவு என்பது ஜப்பானிய ராணுவ மருத்துவர்கள் கைதிகளை உயிரோடு சோதனைக்கு உட்படுத்திக் கொன்ற நிலையம். ஜப்பானின் பிடியில் இருந்த மஞ்சூரியாவில், ஹார்பின் நகரை ஒட்டிய பிங்ஃபாங்கில் 1945 வரை இயங்கியது. ஏட்டில் அதற்கு 'நோய்த்தடுப்பு, குடிநீர்ச் சுத்திகரிப்புத் துறை' என்று பெயர். நடத்தியவர் இஷீ ஷிரோ (1892–1959), கியோட்டோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர்.

அக்கம்பக்கத்தாரிடம் மர அறுவை மில் என்று சொல்லி வைத்திருந்தார்கள். உள்ளே கைதிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பேச்சில் அவர்கள் 'மருத்தா'. ஜப்பானிய மொழியில் மரக்கட்டை என்று பொருள். நோயாளியின் பெயரைக் கேட்டுத்தான் எந்த மருத்துவரும் வேலையைத் தொடங்குவார். இங்கே பெயரைப் பறித்த பிறகுதான் வேலையே தொடங்கியது.

கைதிகளில் சீனர்களே பெரும்பாலோர், ரஷ்யர், கொரியர், மங்கோலியரும் இருந்தனர். பிளேக், காலரா, ஆந்த்ராக்ஸ் கிருமிகளை உடலில் செலுத்தினார்கள். நோய் எதுவரை பரவியது என்று பார்க்க, மயக்க மருந்துகூடக் கொடுக்காமல் அறுத்தார்கள். பனிக்கடுப்பு ஆய்வு யோஷிமுரா ஹிசாட்டோவின் பொறுப்பு. உறைகுளிரில் கைதியை வெளியே நிறுத்தி, வெறுங்கையை நனைத்து உறையவிடுவார்கள். கோலால் தட்டினால் பலகையைத் தட்டிய ஓசை வரவேண்டும், அதுவரை காத்திருப்பார்கள். பிறகு வெவ்வேறு சூட்டில் உள்ள நீரில் கையை முக்கிப் பார்ப்பார்கள்.

பிங்ஃபாங்கில் மட்டும் குறைந்தது 3,000 பேர் மாண்டதாகப் பிரிவின் அதிகாரி ஒருவரே பின்னாளில் வாக்குமூலம் தந்தார். வெளியே இறந்தவர்கள் தனி. சீன நகரங்களான நிங்போ மீது 1940இலும் சாங்டே மீது 1941இலும் பிளேக் தொற்றிய தெள்ளுப்பூச்சிகளைத் தானியத்தோடு விமானத்திலிருந்து கொட்டினார்கள். இரு நகரங்களிலும் பிளேக் பரவியது.

1945 ஆகஸ்டில் சோவியத் படை நெருங்கியதும் எஞ்சிய கைதிகளைக் கொன்று, கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தனர். 1947இல் நியூரம்பெர்க்கில் நாஜி மருத்துவர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்த அதே அமெரிக்கா, சோதனைத் தரவுகளுக்கு ஈடாக இஷீ குழுவினரை வழக்கே இல்லாமல் விட்டுவிட்டது. இது நீதிக்குச் செய்த துரோகம். சோவியத் யூனியன் 1949 டிசம்பரில் கபாரோவ்ஸ்கில் ஜப்பானிய ராணுவத்தினர் 12 பேரை விசாரித்துத் தண்டித்தது. மேற்குலகம் அதைப் பிரசாரம் என்று ஒதுக்கியது.

தப்பியவர்கள் மருத்துவ உலகிலேயே உயர்ந்தார்கள். இஷீயின் உதவியாளர் நைட்டோ ரியோய்ச்சி 1950இல் ரத்த வங்கி ஒன்றைத் தொடங்கினார். யோஷிமுரா கியோட்டோவில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பாதிக்கப்பட்ட சீனக் குடும்பங்கள் தொடுத்த வழக்கில், கிருமிப் போர் நடந்தது உண்மையே என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2002இல் ஏற்றது, இழப்பீட்டை மறுத்தது.