பதனிடாத தோல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளுக்குத் தோல் உப்புத் தடவித்தான் வந்து சேரும். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறி மயிர் கழன்று, சதை சீவப்பட்டு, குரோம் உப்போடு பெரிய உருளைக்குள் மணிக்கணக்காகப் புரளும். அந்த உருளைக்கும் டிரம் என்றுதான் பெயர். வெளியே வரும்போது இளநீல நிறம். இனி எளிதில் அழுகாது, நனைந்து காய்ந்தாலும் விறைக்காது. ஷூவாகிக் கடல் கடக்கும். ஆவாரம்பட்டையில் ஊறவைத்த அந்தக் காலத்திலும் நோக்கம் ஏறக்குறைய இதுதான்.

மிருதங்கத்துக்கு இந்த மென்மை ஆகாது. பதனிட்ட தோலில் நாதம் அமுங்கிப்போகும். பச்சைத் தோலை வெயிலில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்தால்தான் அது பேசும். வலது முகமான வலந்தலைக்குப் பசுத்தோலும் ஆட்டுத்தோலும், இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோல், கட்டைக்குப் பலாமரம். வலந்தலையின் நடுவில் கிட்டக் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்த கறுப்புக் கரணை. அதைச் சிறிது சிறிதாக அப்பி, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி அப்புவார்கள்.

அந்தக் கறுப்பு வட்டத்தைத்தான் சி.வி. ராமன் ஆராய்ந்தார். சாதாரணத் தோல்முகத்தைத் தட்டினால் எழும் துணைச் சுரங்கள் ஒன்றோடொன்று சேராமல் இரைச்சலாகும். நடுவில் எடை ஏற்றிய வலந்தலையிலோ அவை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கான விகிதத்தில் வந்து நிற்கும், கம்பியின் நாதத்தைப் போல. 1920-இல் சிவகாளி குமாரோடும், 1934-இல் தனியாகவும் அவர் இதை எழுதினார். ஆய்வகம் அளந்து சொன்னதைத் தோல் வேலை செய்பவர்களின் காது தலைமுறைகளுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களுக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார் என்பதைப் பரவலான வாசகர்கள் அறிய, டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020-இல் வரவேண்டியிருந்தது. தோலைத் தொட்ட கை என்பதற்காக ஒரு கலைஞனின் பெயரை மேடை சொல்லாமல் விட்டது பெரிய அநியாயம்.

தோல் ஊரான வேலூருக்கு மிருதங்கத்தில் ஒரு பெரிய பெயர் உண்டு: வேலூர் ஜி. ராமபத்ரன். 1929-இல் பிறந்தவர், 2004-இல் சங்கீத கலாநிதி. முதல் குரு தந்தை கோபாலாச்சாரியார், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் வல்லுநர். தோலில் விழுவதற்கு முன் சொல் நாவில் விழ வேண்டும் என்ற பாடம் அந்த வீட்டிலேயே இருந்தது.

1963-இல் அந்தச் சொல் அமெரிக்கா போனது. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பிக்கத் தொடங்கினார். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் டிரம்மர் எட் பிளாக்வெல்லும் பின்னாளில் அங்கே ஆசிரியரானார். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் அங்கேதான் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தார். 1975 ஜூலை 5 அன்று லாங் ஐலண்டில் மெக்லாக்லினின் ‘சக்தி’ குழு வாசித்துப் பதிவானபோது ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் விக்கு விநாயக்ராமின் கடமும் அதில் இருந்தன.

ஜாஸ் மாணவர்கள் இன்று கொன்னக்கோலைத் தேடிவரும் காரணத்தை ஒரு கணக்கில் காட்டலாம். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக 32. ‘தகிட தகதிமி தகிட’ என்றால் பத்து. அதை மூன்று தடவை சொல்லி, இடையே ஒவ்வொரு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, விட்டால் 32 முடியும், அடுத்த தட்டு தாளம் தொடங்கும் சமத்தில் விழும். மும்முறை சொல்லி முடிக்கும் இதே வகைத் தீர்மானத்தை 12 பார் ப்ளூஸில் வைத்துப் பாருங்கள். பாருக்கு நான்கு அடி, மொத்தம் 48. 14 அடிச் சொற்கட்டு மூன்று, நடுவே மூன்று மூன்று கார்வை. கணக்கு சரியாக முடியும். ஆனால் எளிய ப்ளூஸில் கார்டு பெரிதாகத் திரும்பும் இடங்கள் ஐந்தாவது பாரும் ஒன்பதாவது பாரும். அதாவது 17-ஆவது அடியும் 33-ஆவது அடியும். இரண்டும் நீங்கள் வாசிக்காமல் நிற்கும் கார்வைக்குள் விழுகின்றன! கையை எடுத்துக்கொண்டு, பேஸ் கிதார் இறங்குவதைக் காதால் பிடித்து, அடுத்த சொற்கட்டைப் புதிய கார்டின் சுரங்களில் தொடங்க வேண்டும். லயம், ஸ்கேல், செவிப்பயிற்சி மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும் பயிற்சி இது. முதலில் வாயால் சொல்லுங்கள், காலால் அடியைத் தட்டுங்கள். வாத்தியத்தைப் பிறகு எடுக்கலாம்.

எந்த நாட்டில் வாசித்தாலும் கரணை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், நாதம் கம்மும். அப்போது மிருதங்கம் மறுபடி தோல் வேலை தெரிந்தவர் மடிக்கு வந்தாக வேண்டும். பழைய கரணையைச் சுரண்டிவிட்டுப் புதியதை அப்புகிறார். வார் நுழைந்த பதினாறு கண்ணையும் சுற்றிச் சுற்றித் தட்டுகிறார். ஒரு கண் மட்டும் சற்று இறங்கி ஒலிக்கிறது. கல்லை எடுத்து அங்கே ஒரு தட்டு, காதைச் சாய்த்து, இன்னொரு தட்டு.