களனிக்கு வடக்கே இறங்கிய ஜெட் விமானங்கள்

இலங்கையின் ஆகாயப் போக்குவரத்து வரலாற்றிலே களனி நதியை ஓர் எல்லைக்கோடாகக் கொள்ளலாம். நதிக்குத் தெற்கே, வெள்ளவத்தையைக் கடந்தால் இரத்மலானை. அங்கே ஒரு விமான நிலையம். 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் டக்கோட்டா அங்கிருந்து எழுந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. நதிக்கு வடக்கே கட்டுநாயக்கா. 1962இல் எயார் சிலோன் கொமெற் 4 ஜெட் விமானத்தைச் சேவையில் அமர்த்தியது. அதன்பின் சர்வதேசப் போக்குவரத்தின் வாயில் கட்டுநாயக்காவே ஆயிற்று.

இந்த இடப்பெயர்வு ஏன்? விடை ஜெட் விமானத்தின் சிறகிலே இருக்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது சிறகின்மேல் அதிர்ச்சி அலைகள் தோன்றித் தடை மிகும். சிறகைப் பின்னோக்கிச் சாய்த்தால் இவ்விடர் பிற்படும் என ஜெர்மானிய அறிஞர் அடோல்ப் பூஸ்மன் 1935இல் உரோமாபுரி மாநாட்டில் எடுத்துரைத்தார். போயிங் 707இன் சிறகு 35 பாகை சாய்ந்தது.

பெற்ற வேகத்துக்கு விலையும் உண்டு. தாழ்ந்த வேகத்தில் இச்சிறகின் தூக்கும் ஆற்றல் குறைவு. ஆகவே இறங்கும் வேகமும் ஓடுபாதையின் நீளமும் கூடின. சிறகின் நுனி முதலில் தூக்கலை இழந்தால், விமானத்தின் மூக்கு மேலெழுந்து ஆபத்து மிகும். விமானம் பக்கவாட்டில் சற்றுத் திரும்பினால் உடலும் உடன் உருளும். 1959இல் அமெரிக்காவிலே பயிற்சியிலிருந்த ஒரு 707, அவ்வசைவு கட்டுமீறியதால் எந்திரங்களை இழந்து வீழ்ந்தது. மேலும், அக்கால ஜெட் எந்திரம் விசையைக் கூட்டச் சில விநாடிகள் எடுக்கும். ஆகவே, தாழ்ந்துவிட்டோம் என்று கண்டபின் திருத்த முயலுதல் காலங்கடந்ததாகலாம்.

பெருவிமானங்களின் துயரத்தை நம் நாடும் கண்டது. 1974 டிசம்பர் 4ஆம் நாள், சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த டிசி-8, தன் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்துத் தாழ இறங்கி, மஸ்கெலியாவுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதிற்று. 191 பேரும் மாண்டனர். 1978 நவம்பர் 15ஆம் நாள், ஜெத்தாவிலிருந்து திரும்பிய யாத்திரிகரின் மற்றொரு டிசி-8, கட்டுநாயக்கா ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோப்பில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர்.

இவ்விபத்துகளுக்குச் சிறகைக் குற்றஞ்சொல்ல இயலாது. ஆயினும் நிமிடத்துக்குப் பல கிலோமீற்றர் விரையும் பெருவிமானத்தில், சிறு கணக்குப் பிழையும் மலைமுகட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். நிலம் நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை 1970களில் நாடுகள் கட்டாயமாக்கத் தொடங்கியமைக்கு, உலகெங்கும் நேர்ந்த இத்தகைய விபத்துகளே காரணம். இன்று கட்டுநாயக்காவில் பத்திரமாக இறங்கும் ஒவ்வொரு பயணியும் அந்த முன்னெச்சரிக்கையின் பயனைப் பெறுகிறார்.