தொழிற்சட்டமும் தொழில்கொள்வோரும்: மாத்தளைப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கையின் தொழிற்சட்டங்களைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் தொழிலாளரின் நிலையிலிருந்தே அவற்றை நோக்கியுள்ளனர். அது முறையானதே, துன்பத்தின் பெரும்பங்கைச் சுமந்தோர் அவர்களே. எனினும், அச்சட்டங்கள் தொழில்கொள்வோரை எவ்வாறு மாற்றின என்பதும் ஆராயத்தக்க வினாவாகும். புதிய சுமை ஒன்று வந்தபோதெல்லாம் தோட்டத்தொழில் அதனைத் தாங்காது என்ற முறையீடு எழுந்தது. அம்முறையீடு எவ்வளவிற்கு உண்மையாயிற்று என்பதை மாத்தளை மாவட்டத்தின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு இக்கட்டுரை நோக்குகின்றது.

மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வந்த வடபாதையே தென்னிந்தியத் தொழிலாளர் கால்நடையாக வந்த பழைய வழி. அப்பாதைக்கு மேற்கே, மாத்தளை நகருக்கு வடக்கே அமைந்தது பல்லேபொல. நெல்வயலும் தெங்கும் மிளகும் விளையும் நாடு அது. அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் மலைச்சாரல்களில் கோப்பியும், பின்னர் தேயிலை, இறப்பர், கொக்கோ ஆகியனவும் பயிரிடப்பட்டன. கிராமமும் தோட்டமும் அருகருகே அமைந்த இத்தகைய இடங்களில், எந்த உழைப்பாளனுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்ற வினா இயல்பாகவே எழுவதாயிற்று.

1. இராசகாரியமும் கூலி உழைப்பும்

கண்டி இராச்சியத்தில் நிலத்தை அனுபவித்தோர் அரசுக்கு உழைப்பைக் கடமையாகச் செலுத்தினர். இந்த இராசகாரிய முறையை ஆங்கில அரசும் தெருவமைத்தற்குப் பயன்படுத்திக்கொண்டது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து 1832ஆம் ஆண்டு அம்முறை ஒழிக்கப்பட்டது. எனவே, இந்நாட்டில் சட்டமாற்றத்தினால் மலிவான உழைப்பை இழந்த முதற்பெரும் தொழில்கொள்வோர் அரசேயாகும். 1848ஆம் ஆண்டுத் தெருக் கட்டளைச்சட்டம், ஆண்டிற்கு ஆறு நாள் தெருவேலை செய்க, அன்றேல் மூன்று சிலிங் செலுத்துக என விதித்தமை அவ்விழப்பை ஒருவாறு ஈடுசெய்யும் முயற்சி எனலாம். அவ்வாண்டு யூலையில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இவ்விதியும் புதிய வரிகளும் காரணமாயின.

தோட்டத்துரைமாரின் நிலை வேறு. சொந்த வயலுடைய கண்டிக் கிராமத்தவர் தோட்டத்தில் நிரந்தரமாகத் தங்கி உழைக்க முன்வரவில்லை. அதனால் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் மூலம் ஆட்கள் திரட்டப்பட்டனர்.

2. சிறையும் கடனும்

1841ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டத்தை அடுத்து வந்த 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தொழில்கொள்வோருக்குப் பெரும் வலுவை அளித்தது. வாய்மொழி ஒப்பந்தம் மாதாந்த ஒப்பந்தமாகக் கொள்ளப்பட்டது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாயிற்று. குடியியல் வழக்காக இருக்கவேண்டிய ஒப்பந்தமீறல் இவ்வாறு குற்றமாக மாறியது.

ஆயினும் இவ்வலுவுக்கு ஓர் எல்லை இருந்தது. சிறையிலுள்ள தொழிலாளி கொழுந்து பறிப்பதில்லை. ஆகவே துரைமார் நடைமுறையில் பெரிதும் நம்பியது கடனையே. துரை கங்காணிக்கு முற்பணம் கொடுத்தார். கங்காணி அதனைத் தொழிலாளர் பெயரில் கடனாக ஏற்றினார். கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. புதிய தோட்டத்தின் துரை அக்கடனைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொண்டார். ஆட்பற்றாக்குறை நேர்ந்தபோது துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட, முற்பணமும் ஏறிச்சென்றது. தொழிலாளியைப் பிணித்த கடன் ஈற்றில் தொழில்கொள்வோரின் முதலையும் முடக்கியது.

1869இல் தோன்றிய கோப்பி இலைநோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் அப்பயிரை வீழ்த்தியது. தோட்டங்கள் முறிந்தபோது தொழிலாளரின் சம்பளம் நிலுவையாயிற்று. இந்நிலையில் 1884ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளத்தைத் தோட்டத்தின் மீதான முதற்பொறுப்பாக்கியது. ஈட்டுக்குக் கடன் கொடுத்தவரும் தொழிலாளிக்குப் பின்னரே நிற்கவேண்டியவராயினர். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சம்பளம் கொடுக்கவேண்டிய காலத்தை வரையறுத்தது. கோப்பித் தோட்டங்களை அழித்தது நோயேயன்றிச் சட்டமன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

3. பிணைப்பு அவிழ்ந்த காலம்

முதலாம் உலகப்போரின் பின் இந்தியாவில் எழுந்த தேசிய உணர்வு இலங்கைத் துரைமாரையும் தொட்டது. ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்தமையால் இந்திய அரசின் நிபந்தனைகளைப் புறக்கணிக்க இயலாதாயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் துண்டு முறை ஒழிந்தது. தொழிலாளருக்கெதிரான சிறைத்தண்டனை விதிகளும் அக்காலத்திலேயே நீங்கின. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை அடுத்து, 1923ஆம் ஆண்டு முதல் ஆட்சேர்ப்புச் செலவு தோட்டங்கள் செலுத்திய பொதுநிதியிலிருந்து வழங்கப்பட்டது. தொழிலாளி கடனின்றி வந்திறங்கினான்.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்படுத்தியது. 1929ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடுநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 52 சதமும் பெண்ணுக்கு 41 சதமும் சிறுவருக்கு 24 சதமும் நடைமுறைக்கு வந்தன. இதனால் துரையின் கணக்கு அடிப்படையிலேயே மாறியது. முன்னர் கங்காணியின் கடனேடு எவ்வளவு என்பதே வினா; இப்போது ஒரு நாள் உழைப்பு எவ்வளவு விளைவு தரும் என்பதே வினாவாயிற்று. 1930களின் உலக மந்தத்தில் இவ்விகிதங்கள் குறைக்கப்பட்டன. சட்டம் விதித்த சம்பளம் விலைச்சரிவோடு இறங்கவும் கூடும் என்பதைத் தொழில்கொள்வோர் அப்போது கண்டனர்.

இச்சட்டம் இந்தியத் தொழிலாளரை மாத்திரம் தழுவியமை குறிப்பிடத்தக்கது. பல்லேபொல போன்ற இடத்துக் கிராமத்திலிருந்து தோட்டத்துக்கு வேலைக்குச் சென்ற சிங்களத் தொழிலாளி இதன் பயனைப் பெறவில்லை. ஒரே நிரையில் நின்று வேலைசெய்த இருவருள் ஒருவர் சட்டத்துக்கு உள்ளேயும் மற்றவர் புறத்தேயும் நின்றனர்.

4. பேச்சு மேசையும் அரசின் பொறுப்பும்

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச்சட்டம் சங்கங்களுக்குச் சட்டவுரிமை அளித்தது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் இனவேறுபாட்டை அகற்றி, தொழில் அடிப்படையில் சம்பளத்தை நிர்ணயிக்க வழிசெய்தது. சபையில் தொழில்கொள்வோரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமர, அரசு நியமித்தோரும் உடனிருந்தனர். தேயிலை, இறப்பர் ஆகியவற்றோடு கொக்கோ, ஏலம், மிளகுச் செய்கைக்கும் சபை அமைந்தது. மாத்தளையின் பயிர்கள் பலவும் இவ்வாறு சட்டத்தின் வரம்பினுள் வந்தன. தனித்தனியே தம் தோட்டத்தை ஆண்ட துரைமார் கூட்டாகப் பேசக் கற்றுக்கொண்டனர்.

சுதந்திரத்தின் பின் கடமைகள் பெருகின. 1958ஆம் ஆண்டில் ஊழியர் சேமலாப நிதியும் 1980ஆம் ஆண்டில் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் 1983ஆம் ஆண்டில் பணிக்கொடைச் சட்டமும் வந்தன. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஊழியரை நீக்குவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதத்தை அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதியைத் தேவையாக்கியது.

இதனிடையே 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. சட்டம் இயற்றியவரே அதனைச் சுமக்கும் தொழில்கொள்வோருமாயினர். ஆண் பெண் இருபாலார்க்கும் சம சம்பளம் என்ற மாற்றம் 1984இல், அதாவது தோட்டங்கள் அரசின் கையிலிருந்த காலத்திலேயே, நிகழ்ந்தது. 1992இல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. 2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியபோது கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. நாட்சம்பள முறையை விடுத்து, தேயிலைப் பாத்திகளைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்து விளைவுக்கேற்பப் பணம் கொடுக்கும் முறையைக் கம்பனிகள் முன்வைத்தமையும் இக்காலத்ததே.

5. எல்லைக்கோடுகள்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. உழைப்பாளரைப் பிணிக்கும் ஒரு வழியைச் சட்டம் அடைத்தபோது, தொழில்கொள்வோர் இன்னொரு வழியை நாடினர். இராசகாரியம் போக ஒப்பந்தமும், சிறை பயன்படாதபோது கடனும், கடன் ஒழிய நாட்சம்பளமும் வந்தன. நாட்சம்பளம் உயர, விளைவுப் பங்கு பேசப்படுகின்றது. தொழில் அழிந்துவிடவில்லை, அதனை நடத்தும் முறையே மாறியது.

ஆனால் சுமை எல்லோர் மீதும் ஒரேயளவில் விழவில்லை. 1889ஆம் ஆண்டுச் சட்டம் பத்து ஏக்கரோ அதற்கு மேலோ பயிரிடப்பட்ட நிலத்தையே தோட்டமெனக் கொண்டது. 1971, 1983ஆம் ஆண்டுச் சட்டங்கள் பதினைந்து ஊழியர் என்ற எல்லையை வகுத்தன. சில ஏக்கரில் மிளகு பயிரிட்டு, பறிப்புக்காலத்தில் நால்வரை அழைக்கும் சிறுகாணியாளரைப் பெருங்கம்பனியோடு ஒப்பிடாமை நியாயமே. எனினும் எல்லைக்குக் கீழே நிற்பதே ஆதாயமெனின், பதினைந்தாம் ஊழியரைச் சேர்க்கத் தயங்கும் மனப்போக்கு தொழில்கொள்வோரிடம் வளர்வதும் இயல்பு. அந்நால்வரோ சேவைக்காலம் எவ்வளவாயினும் அச்சட்டங்களின் காப்புக்கு வெளியே நிற்பர்.

1927இல் இனம் வகுத்த கோட்டை இன்று எண்ணிக்கை வகுக்கின்றது. தொழிற்சட்டம் ஒன்றை மதிப்பிடுவோர் அது தொழில்கொள்வோருக்கு எவ்வளவு செலவு வைக்கின்றது என்பதோடு அமையாது, யாரைத் தொழில்கொள்வோராகக் கணிக்காமல் விடுகின்றது என்பதையும் வினவுதல் வேண்டும். பெருந்தோட்டத்தின் விளிம்பில் அமைந்த பல்லேபொல போன்ற ஊர்களிலேயே அவ்வினாவுக்குரிய விடை முதலில் தென்படும்.